ஒன்றை மாற்றுவதா, ஆறையும் மாற்றுவதா? பகி வண்டியின் பற்றரியை அளந்து பார்க்கும் முறை

தம்பி, முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளியில் உள்ள உங்கள் விடுதியில் விருந்தினரை ஏற்றி இறக்க இரண்டு பகி வண்டிகள், அதாவது கோல்ஃப் வண்டிகள், இருக்கின்றன. இரண்டும் 48 வோல்ட். ஒவ்வொன்றிலும் 8 வோல்ட் பற்றரி ஆறு. எல்லாம் ஒரே கம்பனி, ஒன்றாக வாங்கியவை, நான்கு வருடம் ஓடிவிட்டன. இரவு முழுக்கச் சார்ஜ் போடுகிறீர்கள், காலையில் சார்ஜரில் பச்சை லைட் எரிகிறது. ஆனால் பதினொரு மணிக்கே முதலாவது வண்டி மணல் ஏற்றத்தில் திணறி நிற்கிறது. ஆறையும் மாற்றச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் உங்கள் எலெக்ட்ரீஷியன். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் அளந்து பார்க்காமல் சொல்கிறார்கள். நீங்கள் அளந்து பாருங்கள். ஒரு நாள் வேலை, சில சின்னச் சாமானோடு முடிந்துவிடும். பற்றரி ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை வாங்கிப் போட்டால் அதுவும் அதே காரணத்தால் சாகும். திருகோணமலையில் அந்தக் காரணம் பெரும்பாலும் நாம் வண்டியை ஓட்டாமல் விடுகிற மாரிக் காலத்தில்தான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பற்றரியில் கை வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வேறு சில விஷயங்களைப் பாருங்கள். நான்கு டயரிலும் காற்று இருக்கிறதா? பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா? வண்டியைத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒரு ஆள் தள்ளினாலே சமதரையில் உருள வேண்டும். கொஞ்சம் ஓடிய பிறகு ஒவ்வொரு கேபிள் முனைக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒரு முனை மட்டும் கொதித்தால் பழுது அந்த இணைப்பில்தான், பற்றரியில் இல்லை. கடற்காற்றில் செப்புக் கேபிள் ரப்பருக்குள்ளேயே பச்சை பிடித்துக் கறுத்துப் போய்விடும், வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்ட வண்டிகளும் என் கையால் போயிருக்கின்றன.

சார்ஜரையும் ஒரு தரம் பாருங்கள். சார்ஜ் முடியப்போகிற நேரத்தில் மொத்தப் பற்றரியிலும் மீற்றரை வைத்தால் 58 முதல் 62 வோல்ட் வரை காட்ட வேண்டும். 53, 54இலேயே நின்றுவிட்டால் சார்ஜர் நிரப்பவில்லை, அல்லது பற்றரிக்குள் இருக்கும் ஏதோ ஒரு செல் (தனி அறை) ஏற விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சரி, இனிப் பற்றரி. இருக்கையைத் தூக்கியதும் முதலில் கண்ணால் பாருங்கள். பக்கச் சுவர் பானை வயிறுபோல வீங்கியிருந்தால் அந்தப் பற்றரி கொதித்திருக்கிறது, அதைப் பிழைக்க வைக்க முடியாது. மேலே ஈரப்பசையும் வெள்ளைப் பொடியும் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். மல்டிமீற்றரின் ஒரு முனையை நெகடிவ் ஆணியில், அதாவது கேபிள் பூட்டும் ஈய முனையில், வைத்து, மற்ற முனையைப் பற்றரியின் பிளாஸ்டிக் மேல்தளத்தில் இழுத்துக்கொண்டு போங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் ஒரு வோல்ட்டும் காட்டக் கூடாது. அங்கே அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், அந்த அழுக்கின் வழியாகப் பற்றரி இரவும் பகலும் தானாக வடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடலோர விடுதிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், உப்புக்காற்று படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் தூரிகையால் தேயுங்கள். நுரைக்கும். நுரை நின்றதும் நல்ல தண்ணீரால் கழுவிக் காய விடுங்கள். செல்லுக்குள் ஒரு துளி சோடா போனாலும் அசிட்டைக் கெடுத்துவிடும், அதனால்தான் மூடியைப் பற்றி முதலிலேயே சொன்னேன்.

அடுத்தது செல்லுக்குள் தண்ணீர் மட்டம். மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். ஈயத் தகடுகளின் தலை வெளியே தெரிந்தால், அவை மூடும் அளவுக்கு மட்டும் இப்போது ஊற்றுங்கள். முழுக்க நிரப்பக் கூடாது. சார்ஜ் ஏறும்போது அசிட் விரிந்து பொங்கி வெளியே வரும், வந்தால் அந்த அளவுக்குச் சக்தி போனது போனதுதான். சார்ஜ் முடிந்த பிறகு, உள்ளே இறங்கியிருக்கும் குழாயின் அடி விளிம்புக்கு 3 மில்லிமீற்றர் கீழே வரும்வரை நிரப்புங்கள்.

என்ன தண்ணீர் என்பதில் நம் ஊரில் நடக்கும் தவறுகள் கொஞ்சம் இல்லை. கடையில் ‘பற்றரித் தண்ணி’ என்று கேட்டால் சில இடங்களில் அசிட்டையே எடுத்துத் தருவார்கள். போத்தலில் வடித்த நீர் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பற்றரிக்கு அசிட் ஊற்றவே கூடாது, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுந்தான். கடற்கரைக் கிணற்று நீர் உவர், அதில் உள்ள குளோரைட் ஈயத்தை அரிக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிற பழக்கம் விடுதிகளில் இருக்கிறது. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் ஏசியின் உலோகக் குழாயையும் தூசியையும் கழுவிக்கொண்டுதான் அது வருகிறது. வேண்டாம், தம்பி. ஒரு போத்தல் வடித்த நீரின் விலையையும் ஒரு பற்றரியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் பார்த்து, முழுச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, ஆறு மணி நேரமாவது வண்டியைத் தொடாமல் விடுங்கள். இரவு சார்ஜ் முடிந்தால் மறுநாள் மதியம் அளப்பது நல்லது. கழற்றிய உடனே அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்றத்தைத்தான் மீற்றர் காட்டும், கெட்ட பற்றரியும் நல்ல பற்றரிபோலத் தெரியும்.

ஆறு பற்றரிக்கும் 1 முதல் 6 வரை சோக்கால் எண் போட்டு, ஒவ்வொன்றையும் தனியாக அளந்து கொப்பியில் எழுதுங்கள். நிறைந்த 8 வோல்ட் பற்றரி 8.49 அளவில் நிற்கும். 8.07 என்றால் பாதிதான் இருக்கிறது. உங்களிடம் 6 வோல்ட் பற்றரி இருந்தால் நிறைவு 6.37, பாதி 6.05. 12 வோல்ட் என்றால் 12.73, பாதி 12.10. முழு 48 வோல்ட் தொகுதி நிறைந்து நின்றால் 50.9. ஒரு பற்றரி 6.4 அளவில் நின்றால் அதன் நான்கு செல்லில் ஒன்று முழுவதுமாகச் செத்துவிட்டது. 8 வோல்ட் என்று நாம் சொல்வது ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும் நான்கு சின்னப் பற்றரிகளைத்தான், மூடிகளை எண்ணினாலே தெரியும்.

பல பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வோல்ட் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம் என்பதற்கு, போன வருடம் உப்புவெளியில் ஒரு விடுதி வண்டியில் நான் எடுத்த கணக்கைச் சொல்கிறேன். உங்கள் வண்டியைப் போலவேதான், 8 வோல்ட் ஆறு. மொத்தமாக அளந்தால் ஏறக்குறைய 50.5. வண்டியின் சார்ஜ் மானி முழுசு என்று காட்டியது. தனித்தனியாக அளந்தபோது ஐந்து பற்றரி 8.44 அளவில் நின்றன, நாலாவது மட்டும் 8.26. அரைக்கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடிய வித்தியாசம். இது பெரிய விஷயமா என்று விடுதியின் மேலாளர் கேட்டார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அசிட்டின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டும் ஹைட்ரோமீற்றரை எடுத்தேன்.

கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை இருக்கும் ஹைட்ரோமீற்றர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், பற்றரிக் கடைகளில் கிடைக்கும். சின்னப் பிளாஸ்டிக் உருண்டைகள் மிதக்கும் வகை வேண்டாம், நமக்கு எண் வேண்டும். ரப்பர் குமிழை அமுக்கி, முனையைச் செல்லுக்குள் விட்டு, மெதுவாக விடுங்கள். முதலில் இரண்டு தரம் இழுத்து அதே செல்லுக்குள் திருப்பி விட்டு, மூன்றாவது தரம் இழுப்பதை வாசியுங்கள். மிதவை குழாயின் சுவரில் ஒட்டாமல் நேராக நிற்க வேண்டும், உங்கள் கண் அசிட்டின் மட்டத்துக்கு நேரே இருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான்! ஒரு செல்லில் எடுத்த அசிட்டை இன்னொன்றில் விடாதீர்கள்.

நிறைந்த செல் 1.277 அளவில் இருக்கும். பாதி என்றால் 1.172. வெப்ப நாடுகளுக்கென்று கொஞ்சம் ஐதான அசிட் நிரப்பி வரும் பற்றரிகளும் உண்டு, அவற்றில் நிறைவே 1.240, 1.250தான். அதனால் தனி எண்ணைவிடச் செல்லுக்குச் செல் உள்ள வித்தியாசமே முக்கியம். நம் சூட்டுக்குத் திருத்தமும் வேண்டும்: அசிட்டின் வெப்பம் 27 பாகைக்கு மேலே ஒவ்வொரு ஐந்தரைப் பாகைக்கும் 0.004 கூட்ட வேண்டும். கச்சான் வீசுகிற ஆடி மாத மதியத்தில் அசிட் 38 பாகை இருந்தால், வாசித்த எண்ணோடு 0.008 கூட்டிக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வண்டியில் 24 செல்லையும் எடுத்தேன். ஐந்து பற்றரிகளின் செல்கள் எல்லாம் 1.265, 1.270 என்று ஒன்றுபோல நின்றன. நாலாவதில் முதல் செல் 1.260. இரண்டாவது 1.255. மூன்றாவதில் மிதவை எழும்பவே இல்லை, குழாயின் அடியிலேயே கிடந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன், 1.120. அசிட்டும் கண்ணாடியில் தேத்தண்ணி நிறமாக, மண்டியோடு தெரிந்தது. பொசிட்டிவ் தகட்டில் இருக்க வேண்டிய ஈய ஒட்சைட்டு கழன்று அடியில் படிந்து தகடுகளை ஒன்றோடொன்று முட்ட வைத்துவிட்டது. நான்காவது செல் 1.260. குழாயை மேலாளரின் கையில் கொடுத்தேன். அதற்கு மேல் அவருக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டி வரவில்லை.

ஒரே பற்றரிக்குள்ளோ தொகுதிக்குள்ளோ ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அது கெட்ட செல். எல்லாச் செல்லும் ஒன்றுபோல 1.220, 1.230 என்று தாழ்ந்து நின்றால் அது வேறு கதை, சார்ஜ் போதவில்லை அல்லது தகட்டில் சல்பேற்றுப் படிவு தொடங்கியிருக்கிறது. அப்படி என்றால் ஒரு சந்தர்ப்பம் கொடுக்கலாம். சார்ஜரில் எல்லாச் செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் சமப்படுத்தும் சார்ஜ் (equalize) என்ற நிலை இருந்தால், தண்ணீர் மட்டம் பார்த்து, காற்றோட்டமான இடத்தில் அதைப் போட்டு, மணிக்கொரு தரம் ஹைட்ரோமீற்றர் எடுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் தொடருங்கள், ஏறாமல் நின்றதும் நிறுத்துங்கள். சில பற்றரிகள் இதில் எழுந்துவிடும். எல்லாம் எழும் என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசிச் சோதனை பாரத்தோடு. கார் பற்றரிக்கு வைக்கும் கையடக்க டெஸ்டரை இதற்கு நம்ப வேண்டாம், அது எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் 12 வோல்ட் பற்றரிக்கு உரியது. உங்கள் மணல் ஏற்றமே நல்ல டெஸ்டர். ஆறு பேரை ஏற்றி வண்டி தளரும்வரை ஓட்டுங்கள். தளர்ந்ததும் நிறுத்தி, ஆறு பற்றரியையும் சுணங்காமல் அளந்து பாருங்கள். மற்றவற்றைவிட அரை வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்து நிற்பதுதான் குற்றவாளி. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், கிளிப் உள்ள வயரால் சந்தேகமான பற்றரியில் மீற்றரை மாட்டி, மீற்றரை இருக்கையில் வைத்து, ஏற்றத்தில் போகும்போது போனில் வீடியோ எடுங்கள். நிறையச் சார்ஜ் உள்ள 8 வோல்ட் பற்றரி பாரத்தில் 7 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது, முழுத் தொகுதி 42க்குக் கீழே போகக் கூடாது. உப்புவெளி வண்டியில் மற்றவை 7.7இல் நிற்க, நாலாவது 5.9க்கு விழுந்தது. மேலே ஏறி வண்டி நின்றதும் மீண்டும் 8க்கு வந்துவிட்டது. காலையில் நீங்கள் பார்க்கும் பச்சை லைட் பாரம் இல்லாத அந்த வோல்ட்டைத்தான் காட்டுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். ஒன்றா, ஆறா?

பற்றரிகள் வாங்கி ஒரு வருடம் ஒன்றரை வருடத்துக்குள் ஒன்று மட்டும் கெட்டால், அதே கம்பனி, அதே மாதிரியில் ஒன்று வாங்கிப் போடலாம். உத்தரவாதக் காலத்துக்குள்ளும் இருக்கக்கூடும். நான்கு வருடப் பற்றரிகளுக்கு நடுவே புதியது ஒன்றைப் போடுவது காசைக் கடலில் போடுவதுதான். ஆறும் வரிசையாக இணைந்தவை, ஒரே மின்னோட்டம் ஆறிலும் ஓடுகிறது. சார்ஜர் பார்ப்பது மொத்த வோல்ட்டை மட்டும். பழையவை சீக்கிரமே வோல்ட்டில் எழும்பிவிடும், சார்ஜர் நின்றுவிடும், புதியது ஒவ்வொரு இரவும் அரைகுறையாகவே நிற்கும். சில மாதத்தில் அதுவும் கிழடாகிவிடும். பல வருடத்துக்கு முன் ஒரு விடுதியில் முதலாளி கேட்டார் என்று ஆறில் இரண்டை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்று அன்றைக்கே உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த சீசன் முடிவதற்குள் அந்த இரண்டும் போயின, அவருடைய காசு போனது இன்னும் என் மனதில் நிற்கிறது.

ஆனால் உங்களிடம் இரண்டு வண்டி இருக்கிறது. ஒரே வயது, ஒரே மாதிரி, மொத்தம் பன்னிரண்டு பற்றரி. பன்னிரண்டையும் மேலே சொன்ன மாதிரி அளந்து, நன்றாக இருக்கும் ஆறையும் சேர்த்து ஒரு வண்டியில் போடுங்கள், அதைக் கிட்டத் தூர வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வண்டிக்குப் புதியது ஆறு வாங்குங்கள். செலவு பாதி, கலப்பும் இல்லை. பழைய ஆறும் ஒரே வயதுடையவை என்பதால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

வாங்கும்போது மூன்று விஷயம். கார் பற்றரி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதன் மெல்லிய தகடுகள் சில வினாடி பெரிய மின்னோட்டம் தருவதற்கு ஆனவை, தினமும் பாதிவரை இறங்கி ஏறினால் சில மாதத்தில் உதிர்ந்துவிடும். சோலார் இன்வேர்ட்டருக்கு வரும் உயரமான பற்றரியைப் போடலாமா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். அது மெதுவாக வடியும் வேலைக்கு ஆனது, உயரமும் இருக்கைக்குக் கீழே அடங்காது. வண்டிக்கென்று வரும், தினமும் ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும் ஆழ்சுழற்சிப் பற்றரிதான் வேண்டும். உதாரணமாக ட்ரோஜன் டி-875 என்ற 8 வோல்ட் பற்றரி இருபது மணி நேரத்தில் வடிய விடும் கணக்கில் 170 அம்பியர் மணி, ஒன்று கிட்டத்தட்ட 29 கிலோ. வேறு கம்பனியும் நல்லதே, இந்த அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது, செய்த தேதி. ட்ரோஜனில் ஆணியின் மேல் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் அடித்திருக்கும்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர், இலக்கம் வருடத்தின் கடைசி எண். மற்றக் கம்பனிகளுக்கும் இப்படி ஏதாவது ஒரு குறி இருக்கும், கடைக்காரரிடம் கேட்டு வாசியுங்கள். இறாக்கையில் ஒரு வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பற்றரி பெயரளவில்தான் புதியது.

மாற்றுகிற வேலை கடினமில்லை, ஆனால் அவசரப்பட்டால் ஆபத்து. மோதிரம், கைச்செயின், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். ஸ்பானரின் தலையை மட்டும் விட்டுக் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஒரு பொடியனின் கையிலிருந்து நழுவிய ஸ்பானர் இரண்டு ஆணிகளுக்கு நடுவே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். வெல்டிங் அடித்த மாதிரி ஒரு வெளிச்சம், ஸ்பானரில் நகக்கண் அளவு பள்ளம், ஆணி உருகி ஓடியிருந்தது. அவன் கையை இழுத்துவிட்டான், அதுவே பெரிய விஷயம். சார்ஜ் ஏறிய பற்றரிக்கு மேலே ஹைட்ரஜன் நிற்கும், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது வெடிக்கும். சிகரெட் வேண்டாம், மூடிய அறையும் வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் அப்பச்சோடாவும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் அசிட் பட்டால் தண்ணீரால் மட்டும் பதினைந்து நிமிடமாவது கழுவி உடனே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

சாவியை எடுத்து, இருக்கைக்குக் கீழே உள்ள ஓட்டம்/இழுப்பு (Run/Tow) சுவிட்சை இழுப்பு நிலைக்கு மாற்றுங்கள். பழைய இணைப்பை நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள், எந்தப் பற்றரி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். முதலில் தொகுதியின் பிரதான நெகடிவ் கேபிளைக் கழற்றி அதன் முனையைத் துணியால் சுற்றி ஒதுக்குங்கள். பிறகு பிரதான பொசிட்டிவ், பிறகு இடை இணைப்புகள். இழுத்துத் தூக்கப் பட்டி வாங்குங்கள், 29 கிலோவை வளைந்து நின்று ஆறு தரம் தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். தட்டைச் சோடாவால் கழுவி, துருவைச் சுரண்டி, அசிட் தாங்கும் பெயின்ற் அடித்துக் காய விட்டால் வண்டிச் சட்டம் நீடிக்கும். பச்சை பிடித்த கேபிளைத் திருப்பிப் போடாதீர்கள், ஆறு புதிய பற்றரி வாங்குபவர் ஏழு கேபிளுக்குப் பின்வாங்கக் கூடாது. பழையதைவிட ஒரு அளவு தடித்ததாக, முனையில் உள்ள லக் (ஆணியில் மாட்டும் வளையம்) இயந்திரத்தில் அமுக்கியதாக வாங்குங்கள்.

பூட்டும்போது ஒன்றின் பொசிட்டிவிலிருந்து அடுத்ததன் நெகடிவுக்கு என்று படத்தைப் பார்த்தே போங்கள். ஈய ஆணி மென்மையானது, நட்டை இறுக்கி முறித்தால் பற்றரியே வீண். அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். பிரதான கேபிள் இரண்டையும் பூட்டுவதற்கு முன் நின்று, தொகுதியின் இரு முனையிலும் மீற்றர் வையுங்கள். 48க்கு மேலே, நேர்க் குறியோடு காட்ட வேண்டும். 32, 34 அளவில் காட்டினால் ஒன்று தலைகீழாக இருக்கிறது. இதைப் பார்க்காமல் பூட்டினால், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் ஒரு நொடியில் போய்விடும். கடைசியாக நெகடிவைப் பூட்டும்போது சின்னப் பொறி வரலாம், பயப்பட வேண்டாம், மூடிகள் மூடியிருக்கட்டும். ஆணிகளுக்கு மேலே கிறீஸ் அல்லது வாசலின் பூசுங்கள், இணைப்புக்கு நடுவே போகாமல் மேலே மட்டும்.

ஓட்டுவதற்கு முன் ஒரு முழுச் சார்ஜ். முதல் இரண்டு மூன்று வாரம் முழுப் பாரத்தோடு நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம், இந்த வகைப் பற்றரி இருபது முதல் ஐம்பது தரம் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகுதான் முழு வலுவுக்கு வரும். புதியது பழையதைவிடக் குறைவாக ஓடுகிறது என்று முதல் வாரத்திலேயே கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

லிதியம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்லதுதான். 51.2 வோல்ட் லிதியம் இரும்பு பொஸ்பேற்றுத் தொகுதி ஆறு ஈயப் பற்றரியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், சும்மா கிடந்தாலும் மெதுவாகவே வடியும். ஆனால் சார்ஜரையும் மாற்ற வேண்டும், மானியையும் மாற்ற வேண்டும். உள்ளே இருந்து பற்றரியைக் காக்கும் மின் பலகை (BMS) உங்கள் ஏற்றத்துக்குத் தேவையான அம்பியரைத் தாங்குமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். அம்பியர் போதாத மலிவுப் பொதி சரியாக ஏற்றத்தின் நடுவில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும், பின்னால் விருந்தினரோடு. இரண்டு வண்டியையும் பத்து வருடம் வைத்திருப்பதென்றால் லிதியத்துக்குப் போங்கள், இல்லாவிட்டால் ஈயமே போதும்.

இனி, முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் மைதானத்தில் ஓடுவது போன்ற வண்டிக்கு ஒரே சீரான ஓட்டம், ஓடி முடிந்ததும் சார்ஜ். விடுதி வண்டிக்கு மே முதல் செப்ரெம்பர்வரை ஓயாத ஓட்டம், வாடை தொடங்கி மழை வந்ததும் நிறுத்தம். நீங்களும் நவம்பரில் கொட்டகையில் விட்டுப் பெப்ரவரியில்தான் எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். ஈயப் பற்றரி சும்மா நின்றாலும் நம் சூட்டில் மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தானாக வடியும். சுவிட்சை இழுப்பு நிலைக்கு மாற்றாவிட்டால் கன்ட்ரோலரும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். வடிந்த பற்றரியின் தகட்டில் படியும் ஈயச் சல்பேற்று முதலில் மென்மையாக இருக்கும், சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். மூன்று மாதம் விட்டால் கல்லாகிவிடும். பிறகு எந்தச் சார்ஜரும் அதைக் கரைக்காது. 2022இல் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் அரைச் சார்ஜோடு வாரக்கணக்கில் நின்ற வண்டிகளின் பற்றரிகளும் இப்படித்தான் போயின.

ஆகவே வண்டியை மாரிக்கு நிறுத்தும் நாளில் முழுச் சார்ஜ் ஏற்றி, மேல்தளத்தைச் சோடாவால் கழுவி, இழுப்பு நிலையில் விடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தரம், தண்ணீர் பார்த்து, இரவு முழுக்கச் சார்ஜ் போடுங்கள். காவலாளியின் கலண்டரில் அந்த நாட்களை வட்டமிட்டுக் கொடுத்தாலே போதும். சீசனில் எவ்வளவு குறைவாக ஓடினாலும் அன்றைக்கே சார்ஜ். மானி பாதிக்குக் கீழே போகும்வரை ஓட்டாதீர்கள்.

பழைய ஆறையும் கொடுக்கும்போது, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் உள்ள ஆளிடம் கொடுங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. அசிட்டை ஊற்றிவிட்டு வெறும் பெட்டியாகத் தரச் சொல்லும் ஆட்களும் வருவார்கள். நிலாவெளி மணலில் ஊற்றியது நேரே கிணற்றுக்குத்தான் போகும். மூடியோடு, நிமிர்த்தி வைத்தே கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. அளந்து பார்த்து ஆறு புதியது வாங்கத்தான் வேண்டும் என்று வந்தால், இப்போது ஒக்டோபரில் வாங்க வேண்டாம். மாரி முழுக்கச் சும்மா நிற்கப்போகிற வண்டிக்குப் புதுப் பற்றரி எதற்கு? நல்ல ஆறைச் சேர்த்து ஒரு வண்டியை மட்டும் ஓட விடுங்கள், புதியதைச் சித்திரைக்குக் கொஞ்சம் முன்னால் வாங்குங்கள். பன்னிரண்டு பற்றரியின் 48 செல் அளவையும் எழுதி அனுப்பினால், எந்த ஆறைச் சேர்ப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.